தானே மாறுவதும் நாமே மாற்றுவதும்

இலண்டனில் வாழும் என் அக்காவின் மகன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். வழமையாக அவன் அழைத்தால் ஊர்ப் புதினம் கேட்பான். இம்முறை கேட்டது வேறு.

"மாமா, கார் ஷொக் அப்சோபர் நாலும் பழுதாப் போச்சுது. திரும்பவும் அந்த எலெக்ட்ரோனிக் சாமானையே போடுறதோ, இல்லாட்டிக் கையாலை திருகிற கொயில்ஓவர் வாங்கிறதோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அவனுடையது ஏழாம் தலைமுறை ஃபொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜீ.ரீ.ஐ. ஐந்து நாட்கள் வேலைக்குப் போய்வரும் கார். வருடத்தில் நான்கைந்து தடவை மட்டும் அதே காரைக் கென்ற் மாவட்டத்திலுள்ள பிரான்ட்ஸ் ஹட்ச் பந்தயத் தடத்துக்குக் கொண்டு செல்வான். பணம் கட்டிச் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் அந்த நாளை 'ட்ராக் டே' என்பார்கள். அங்கே போட்டி இல்லை, பரிசு இல்லை. பிரித்தானியாவில் பெரும்பாலான ட்ராக் டேக்களில் சுற்று நேரத்தை அளப்பதற்குக் கூட அனுமதியில்லை. ஓட்டுவதும் கற்பதும் மட்டுமே அங்கே நடப்பவை.

இக்கேள்விக்குக் கராஜ்காரர் ஒருவர் ஏற்கெனவே அவனுக்குப் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "கணினி ஒரு செக்கனுக்குள் எத்தனையோ தடவை யோசிக்கிறது. நீ எத்தனை தடவை யோசிப்பாய்?"

கேட்பதற்கு மறுக்கமுடியாத வாதம் போலத் தோன்றும். அது வாதமே அல்ல, விற்பனைச் சுலோகம் என்று காட்டுவதற்காகவே இப்பதிவை எழுதுகிறேன். அரசியல் எழுதிப் பழகிய கைக்குச் சுலோகங்களைக் கண்டால் அரிப்பெடுப்பது இயல்பு. அத்துடன், ஏப்ரல் மாதங்களில் நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்துக்குச் செய்தியாளனாகப் போய், செய்தியை அனுப்பிவிட்டு மிகுதி நேரம் முழுவதும் மெக்கானிக்குகளின் பக்கத்தில் குந்தியிருந்தவன் நான். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

*

முதலில் சொற்களைச் சுத்தம் செய்வோம். இந்த வியாபாரத்தில் பாதி ஏமாற்று சொற்குழப்பத்திலேயே நடக்கிறது.

காரின் எடையைத் தாங்குவது சுருள்வில். வில்லை அமுக்கி விட்டால் அது மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷொக் அப்சோபர். உள்ளே எண்ணெய் சிறு துவாரங்களினூடாக நெருக்கித் தள்ளப்படுகிறது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாகிக் கழிகிறது. சக்கரம் மேலே வரும்போது அமுக்கம், கீழே திரும்பும்போது மீள்வு. இரண்டு திசைக்கும் தனித்தனி எதிர்ப்பு உண்டு.

தானே மாறும் சஸ்பென்ஷனில் அந்தத் துவாரத்தை ஒரு மின்வால்வு கூட்டிக் குறைக்கிறது. சக்கரத்தின் உயரத்தையும் காரின் உடல் அசைவையும் உணரிகள் அளக்கின்றன, கணினி கட்டளையிடுகிறது. இன்னொரு வகையில் வால்வுக்குப் பதிலாக இரும்புத் துகள் கலந்த எண்ணெய் இருக்கும். காந்தப்புலம் பட்டதும் அந்த எண்ணெய் இறுகும். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 2002ஆம் ஆண்டு மாதிரிக் காடிலாக் செவில் காரில் இதனை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செக்கனுக்கு ஆயிரம் தடவை மாறவல்லது என்பது தயாரிப்பாளரின் கூற்று. கராஜ்காரரின் சுலோகம் இங்கிருந்துதான் பிறந்திருக்கவேண்டும்.

நாமே மாற்றும் சஸ்பென்ஷனில் மின்சாரம் இல்லை. ஷொக் அப்சோபரின் தலையிலோ அடியிலோ ஒரு திருகி இருக்கும். ஒரு 'கிளிக்', இரண்டு 'கிளிக்' என்று திருப்பி இறுக்கலாம், தளர்த்தலாம். கொயில்ஓவர் என்றால் வில்லும் அதனோடு சேர்ந்தே வரும். காரின் உயரத்தையும் மாற்றலாம். வேண்டுமானால் வில்லையே கழற்றி வேறு கடினத்தில் போடலாம்.

இப்போது வேறுபாட்டைக் கவனியுங்கள். தானே மாறுவது மாற்றுவதெல்லாம் எண்ணெயின் எதிர்ப்பு ஒன்றை மட்டுமே. வில்லை அது மாற்றாது. மருமகனின் கோல்ஃபில் உயரத்தையும் மாற்றாது. சக்கரத்தின் சாய்வையும் மாற்றாது. கணினி ஆயிரம் தடவை யோசிக்கட்டும். யோசிப்பது ஒரே ஒரு விடயத்தைப் பற்றித்தான்.

*

"அப்படியென்றால் ஃபோர்முலா வன்னில் ஏன் அதைத் தடைசெய்தார்கள்? அளவுக்கு மீறித் திறமாக இருந்தபடியால்தானே?" என்று மருமகன் கேட்டான். இந்த வாதத்தையும் யாரோ அவன் காதில் ஓதியிருக்கிறார்கள்.

தடைசெய்தது உண்மை. 1987இல் லோட்டஸ் 99ரீ காரில் அயர்டன் சென்னா மொனாக்கோவிலும் டெற்றொயிற்றிலும் வென்றார். 1992இல் வில்லியம்ஸ் எஃப்.டபிள்யூ.14பி காரில் நைஜல் மன்செல் பதினாறு பந்தயங்களில் ஒன்பதை வென்று உலகக் கிண்ணத்தை எடுத்தார். 1993 பருவத்துடன் அந்தத் தொழினுட்பம் முடிந்தது. 1994 முதல் தடை.

ஆனால் அது வேறு சாமான். அதன் பெயர் 'அக்டிவ்'. ஐதரோலிக் அழுத்தத்தினால் ஒவ்வொரு சக்கரத்தையும் தள்ளவும் இழுக்கவும் வல்ல பொறி அது. காரின் உயரத்தையும் நிலையையும் அதுவே தீர்மானித்தது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு தடத்துக்கும் ஏற்றவாறு நிரல் எழுதும் பொறியியலாளர் கூட்டம் ஒன்று இருந்தது. மருமகனின் கோல்ஃபில் இருப்பது வால்வைத் திறந்து மூடும் பொறிமுறை. அது காருக்குப் புதிதாக எந்த விசையையும் கொடுப்பதில்லை. வரும் அசைவைக் கூடவோ குறையவோ தடுக்கிறது, அவ்வளவே. மன்செலின் வெற்றிகளைக் காட்டிக் கோல்ஃபின் ஷொக் அப்சோபரை விற்பது, ஒலிம்பிக் வீரனின் படத்தை ஒட்டிச் சோடா விற்பதற்கு ஒப்பானது.

*

பிரான்ட்ஸ் ஹட்ச் தடத்துக்கே போவோம். சிறிய 'இண்டி' தடம். சுற்று இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. முதல் வளைவு படொக் ஹில். காரை வலப்புறம் திருப்பும்போதே நிலம் காலடியிலிருந்து நழுவிக் கீழே விழும்; பள்ளத்தின் அடியில் கார் அமுங்கும்; உடனே ட்ரூயிட்ஸ் வளைவை நோக்கி ஏற்றம். சில கணங்களுக்குள் விழுந்து, அமுங்கி, எழும்பும் இத்தகைய இடம் ஷொக் அப்சோபருக்கான பரீட்சை. இங்கே கணினி நன்றாகவே வேலை செய்யும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதே சுற்றின் முடிவில் கிளார்க் கேர்வ் இருக்கிறது. நீளமான வலது வளைவு. கார் ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே ஓடும். ஷொக் அப்சோபர் எதிர்ப்புத் தருவது அசைவின் வேகத்துக்குத்தான். சாய்ந்து முடிந்தபின் அசைவு இல்லை. அசைவு இல்லாதபோது எதிர்ப்பும் இல்லை. அந்த நேரத்தில் காரை எவ்வளவு சாயவிடுவது என்பதைத் தீர்மானிப்பவை வில்லும், சாய்வைத் தடுக்கும் குறுக்குத் தண்டும். ஆயிரம் தடவை யோசிக்கும் கணினிக்கு அங்கே கிட்டத்தட்ட ஓய்வு நேரம்.

சாய்ந்தால் என்ன நட்டம்? மருமகனிடம் முன்சக்கர ரயர்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். வெளி விளிம்பு கடித்துத் துப்பியது போலக் கிடந்தது. உட்பக்கம் புதிது போல இருந்தது. கோல்ஃபின் முன்பக்கம் மக்பர்சன் அமைப்பு. கார் சாயும்போது சக்கரமும் ஏறக்குறைய அதனோடு சேர்ந்து சாய்கிறது. ரயர் தன் தோள்பட்டையில் நின்று ஓடுகிறது. இதற்கு மருந்து, சக்கரத்தின் தலையை ஆரம்பத்திலேயே உட்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைப்பது. இதனைக் 'கேம்பர்' என்பார்கள். அதற்கு மேல்தாங்கியை மாற்றவேண்டும். அதனோடு அளவான கடினமுள்ள வில்லும் வேண்டும். இவை இரண்டும் கணினியின் அதிகாரத்துக்கு வெளியே உள்ளவை.

ஆகவே காரின் நோய் ஓரிடத்தில் இருக்கிறது. கராஜ்காரர் மருந்து பூசச் சொல்வது வேறோரிடத்தில்.

*

இதனை நான் மட்டும் சொல்லவில்லை. காந்த எண்ணெயைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனமே சொல்லியிருக்கிறது. வாயால் அல்ல, செயலால். அந்நிறுவனத்தின் செவ்ரொலே கமாரோ கார்களில் ஸெட்.எல்.1 என்ற வலிமைமிக்க மாதிரிக்குக் காந்த சஸ்பென்ஷனைக் கொடுத்தார்கள். பின்னர் 2014இல் பந்தயத் தடத்தையே குறியாகக் கொண்டு ஸெட்/28 என்ற மாதிரியை உருவாக்கியபோது, தம்மிடமே இருந்த காந்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கனடாவின் மல்ற்றிமற்றிக் நிறுவனத்தின் ஷொக் அப்சோபர்களைப் பூட்டினார்கள். அவற்றில் மின்சாரம் கிடையாது. துல்லியமாக வெட்டப்பட்ட துவாரத்தை ஒரு சிறு உருளை திறந்து மூடும், அவ்வளவே. மல்ற்றிமற்றிக்கின் தலைமையகம் நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் இருக்கிறது. அங்குள்ள வாசகர்கள் அந்த வழியால் போகும்போது ஒருதடவை திரும்பிப் பார்க்கலாம்.

எதிர்த்தரப்பின் மிகப் பலமான சான்றையும் நானே முன்வைக்கிறேன். அதனை மறைத்துவிட்டு வாதாடுவது பத்திரிகைத் தர்மம் அல்ல. போர்ஷே நிறுவனத்தின் 911 ஜீ.ரீ.3 ஆர்.எஸ். கார் பந்தயத் தடத்துக்கென்றே பிறந்தது; அதில் இருப்பது மின் சஸ்பென்ஷன். உண்மை. ஆனால் 2022இல் வெளிவந்த அந்தக் காரின் சுக்கானைப் பாருங்கள். அதில் திருகிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும், அமுக்கத்துக்கும் மீள்வுக்கும், வெவ்வேறாகச் சாரதி ஓடும்போதே திருப்பிக்கொள்ளலாம். உலகின் தலைசிறந்த பொறியியலாளர்கள் எல்லாவற்றையும் கணினியிடம் கொடுக்க வல்லவர்களாக இருந்தும், திருகியை மனிதனின் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இது என் கட்சிக்குச் சார்பான சான்றா, எதிரான சான்றா?

மின்வால்வும் உயரத் திருகியும் சேர்ந்த கொயில்ஓவர்களும் சந்தையில் உண்டு. பணம் உள்ளவர்கள் வாங்கலாம். மருமகனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது.

*

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ட்ராக் டே என்பது கற்கும் இடம் என்றேன். கற்பதற்கு வேண்டியது, ஒன்றைச் செய்தால் இன்னொன்று நடக்கும் என்ற நிச்சயம். பின்பக்க மீள்வை இரண்டு கிளிக் தளர்த்தினேன். ட்ரூயிட்ஸில் கார் எப்படித் திரும்பியது? இதைக் கொப்பியில் எழுதலாம். அடுத்த தடவை மறுதலையாகச் செய்து பார்க்கலாம். நாலு தடவை எழுதினால் அது அறிவு.

தானே மாறும் காரில், ஒரு வளைவில் கார் வழுக்கினால் சந்தேக நபர்கள் மூவர்: சாரதி, ரயர், கணினி. மூன்றாமவரை விசாரிக்க வழியில்லை. 'கொம்ஃபோர்ட்', 'நோர்மல்', 'ஸ்போர்ட்' என்ற மூன்று சொற்களுக்கு அப்பால் அவர் வாய் திறக்கமாட்டார். அந்தச் சுற்றில் என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார் என்பது தயாரிப்பாளரின் நிரலுக்குள் பூட்டிக்கிடக்கிறது. நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய காருக்குள்ளேயே உங்களுக்குத் தெரியாத ஓர் இரகசியம். பதில் சொல்லக் கடமைப்படாத அதிகாரத்தைப் பற்றி நாற்பது வருடம் எழுதியவனுக்கு இது எந்த இடத்தில் குத்தும் என்பதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். தடையினால் பெற்றோல் இல்லை; உதிரிப்பாகம் இல்லை. மொறிஸ் மைனரும் ஏ40யும் சூப்பிப் போத்தலில் இருந்து சொட்டுப் பெற்றோல் காட்டி உயிர்பெற்று, மண்ணெண்ணெய்யில் ஓடின. அவை ஓடியதற்குக் காரணம் எங்கள் மெக்கானிக்குகளின் மூளை மட்டுமல்ல. அந்தக் கார்கள் அவர்களிடம் எதையும் ஒளிக்கவில்லை என்பதும்தான். மொறிஸ் மைனரின் ஷொக் அப்சோபர் நெம்புகோல் வகையைச் சேர்ந்தது. மூடியைக் கழற்றி எண்ணெய் விடலாம். தடித்த எண்ணெய் விட்டால் இறுகும், மெல்லியது விட்டால் இளகும். 'நாமே மாற்றும் சஸ்பென்ஷன்' எமக்குப் புதிதல்ல. இன்று மருமகனின் ஷொக் அப்சோபரைக் கழற்றினால் வால்வுக்குப் போகும் வயரைக் காணாத கணினி எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும். அதனைச் சமாதானப்படுத்த இன்னொரு மின்கருவியை வாங்கிப் பூட்டவேண்டும். சொந்தப் பொருளைக் கழற்றுவதற்கே தண்டம்.

*

இதுவரை வாசித்துக் கைதட்டிய திருகிப் பிரியர்கள் சற்றுப் பொறுங்கள். அடுத்த அடி உங்களுக்கு.

கிளிக்குகளின் எண்ணிக்கை கூடினால் அறிவு கூடும் என்பதும் ஒரு சுலோகமே. நான்கு வழித் திருகிகளை வாங்கி, ஒவ்வொன்றையும் நண்பன் சொன்னபடி திருப்பி, இடமும் வலமும் வெவ்வேறாக விட்டு ஓடுபவர்களைப் பற்றி மருமகனே கதைகதையாகச் சொல்வான். மீள்வை அளவுக்கு மீறி இறுக்கினால், ஒரு பள்ளத்தில் அமுங்கிய சக்கரம் கீழே வருமுன் அடுத்த பள்ளம் வந்துவிடும். கார் படிப்படியாக அமர்ந்துபோய் வில் இருந்தும் இல்லாததாகும். அழகுக்காக நிலத்தோடு தேய்த்து இறக்கினால் ஷொக் அப்சோபர் ரப்பர்த் தடுப்பில் போய் இடிக்கும். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் பிடி சட்டென்று அறும். உயரத்தை மாற்றிய பின்னர் சக்கர நேர்ப்பாட்டைப் புதிதாக அளக்காமல் ஓடுபவர், ரயர்க் கடைக்காரருக்குச் சம்பளம் கொடுக்கிறார். மாற்றத்தைக் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிக்காதவர், விபத்து நாளில் தனித்து நிற்பார்.

திருப்பத் தெரியாதவன் கையில் திருகி இருப்பதைவிடக் கணினியிடம் இருப்பது மேல். இதனை நான் எழுத்தில் தருகிறேன்.

ஆதலால் என் தீர்ப்பு மூன்று பிரிவாக அமைகிறது.

வருடத்தில் ஒரு தடவை ஆசைக்குப் போய்வருபவர் சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம். தானே மாறுவது இருந்தால் இருக்கட்டும். பிள்ளையைப் பின்னால் இருத்தி ஓடும் வீதிக்கு அது நல்ல சாமான். அந்தப் பணத்தில் பிறேக் எண்ணெய்யையும் பிறேக் கட்டைகளையும் மாற்றி, மிகுதிக்கு ஒரு பயிற்றுநரை அரை நாள் பக்கத்து ஆசனத்தில் இருத்துங்கள். எந்த ஷொக் அப்சோபரும் தராத வேகத்தை அவர் தருவார்.

நான்கைந்து தடவை போய், ரயரின் வெளி விளிம்பு தேய்ந்து, ஆனால் ஷொக் அப்சோபர் நல்ல நிலையில் இருப்பவர், முதலில் மேல்தாங்கியை மாத்திரம் மாற்றிக் கேம்பரைச் சரிசெய்து பார்க்கலாம்.

மருமகனைப் போல, எப்படியும் நான்கையும் மாற்றியே தீரவேண்டியவர், நாமே மாற்றும் கொயில்ஓவரை வாங்கவேண்டும். ஒரு திருகி அல்லது இரண்டு திருகி உள்ளது போதும். உதிரிப்பாகம் விற்கும், பிரித்துத் திருத்திக் கொடுக்கும் நிறுவனத்தின் பொருளாக இருக்கவேண்டும். வில் வீதிக்கும் பொறுக்கக்கூடிய கடினத்தில் இருக்கட்டும். உயரத்தைக் கொஞ்சமாக இறக்கி, நேர்ப்பாட்டை அளந்து, தயாரிப்பாளர் சொன்ன கிளிக்கில் வைத்து ஒரு முழு நாள் எதையும் தொடாமல் ஓடவேண்டும். அதன் பின்னரே திருகி. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். ஒவ்வொன்றும் கொப்பியில்.

இதைத்தான் அவனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாமா, வீதியிலை கொஞ்சம் குலுக்குமெல்லோ? அம்மா ஏறினால் பேசுவா" என்றான்.

குலுக்கும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தெரிவு என்றால் எதையாவது இழக்கத்தான் வேண்டும். ஒன்றையும் இழக்கத் தேவையில்லை என்று சொல்பவர் விற்பனையாளர். அக்காவிடம் நான் கதைத்துக்கொள்கிறேன் என்றேன்.

கராஜ்காரரின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கணினி செக்கனுக்கு எத்தனை தடவை யோசித்தாலும், அன்று பின்னேரம் வீடு திரும்பும்போது அது எதையும் உங்களுக்குக் கற்பித்திருக்காது. ஒரு நாளில் இரண்டு தடவை மட்டும் யோசித்து, இரண்டையும் எழுதிவைத்தவன் அடுத்த தடவை வேறு சாரதியாகத் திரும்பி வருவான்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள், குறிப்பாக இத்துறையில் தொழில் செய்யும் அன்பர்கள், எழுதுங்கள். சுலோகம் இல்லாமல் எழுதினால் வெட்டாமல் பிரசுரிப்பேன்.